பிஞ்சுப் பாதம் வளைந்திருக்கிறதா? எண்ணெயைத் தேடாதீர்கள்!

நாலு மாதம் முன்னால் ஒரு காலை. கிளினிக் கதவைத் திறந்ததுமே முதல் ஆளாக ஒரு பாட்டி உள்ளே வந்தார். பின்னால் அவருடைய மகள். கையில், துணியில் சுற்றிய இருபது நாள் ஆண் குழந்தை.

"ஐயா, பேரனுக்குப் பாதம் ரெண்டும் உள்பக்கமா மடங்கியிருக்கு. நல்ல தைலமாக் குடுங்க. தினம் குளிப்பாட்டும்போது நானே உருவி நேராக்கிருதேன்."

துணியை விலக்கினேன். உள்ளங்கால் இரண்டும் ஒன்றையொன்று பார்த்தபடி திரும்பியிருந்தன. குதிகால் மேலே தூக்கி நின்றது. மெதுவாகத் திருப்பிப் பார்த்தேன். வளைந்து கொடுக்கவில்லை.

"கிரகணத்தன்னிக்கு வெளிய போகாதேன்னு தலையில அடிச்சுக்கிட்டேன். கேட்டாத்தானே!" என்றார் பாட்டி. அந்தப் பெண் குனிந்த தலை நிமிரவே இல்லை.

"அம்மா, இதுக்குத் தைலம் கிடையாது. இன்னிக்கே எலும்பு டாக்டர்கிட்ட போங்க" என்றேன்.

"சித்த வைத்தியர், நீங்களே இப்படிச் சொல்லலாமா?"

நியாயமான கேள்விதான். பதில் சொல்ல முப்பது வருஷம் பின்னால் போக வேண்டும். பாளையங்கோட்டையில் படித்து முடித்து, தொழில் தொடங்கிய புதிது. இதே மாதிரி ஒரு குழந்தையைக் கொண்டுவந்தார்கள். நானும் வாதத்துக்கான தைலத்தைக் கொடுத்து, உருவும் முறையையும் சொல்லி அனுப்பினேன். மாதங்கள் போயின, பாதம் திரும்பவில்லை. அப்புறம் அவர்கள் வரவும் இல்லை. பல வருஷம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் அந்தப் பையனைப் பார்த்தேன். பாதத்தின் வெளி ஓரத்தை ஊன்றி நடந்தான். அந்த ஓரமெல்லாம் தடித்துக் காய்ப்பு ஏறியிருந்தது. யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த நடையை என்னால் மறக்க முடியவில்லை.

இது யார் குற்றம்?

யார் குற்றமும் இல்லை. இதற்குப் பெயர் பிறவி வளைபாதம். ஏறக்குறைய ஆயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு வருகிறது. பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளுக்கு இரண்டு மடங்கு அதிகம். பாதிப் பேருக்கு இரண்டு காலிலும் இருக்கும். சில குடும்பங்களில் பரம்பரையாகத் தொடரும். பெரும்பாலும் திட்டவட்டமான காரணம் பிடிபடுவதில்லை. கிரகணத்துக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. பிள்ளை பெற்ற உடம்போடு இருப்பவளை இன்னும் நோகடிக்காதீர்கள்.

கருப்பையில் இடநெருக்கடியால் மடங்கிய பாதமும் உண்டு. அது கையால் லேசாகத் திருப்பினாலே நேராக வரும், தானாகவும் சரியாகும். விறைப்பாக நின்றால்தான் வளைபாதம். எதுவானாலும் டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். கூடவே முதுகுத்தண்டையும் இடுப்பையும் பார்க்கச் சொல்லுங்கள். சில குழந்தைகளுக்கு முதுகுத்தண்டிலோ நரம்பிலோ கோளாறு இருந்து, அதன் அடையாளமாகப் பாதம் வளைந்திருக்கும்.

கத்தியைக் கீழே வைத்த டாக்டர்

ஒரு காலத்தில் இதற்குப் பெரிய அறுவை சிகிச்சைதான் வழி என்று இருந்தது. ஸ்பெயினின் மெனோர்க்கா தீவில் 1914-ல் பிறந்த இக்னாசியோ பொன்செட்டி, உள்நாட்டுப் போருக்குப் பின் நாட்டைவிட்டு வெளியேறி, மெக்சிகோ வழியாக அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தார். சின்ன வயதில் அறுவை செய்துகொண்டவர்களை அவர் பரிசோதித்துப் பார்த்தபோது, பலருடைய பாதம் விறைத்து, வலியோடு இருந்தது. 'பார்வைக்கு நேரானால் போதுமா?' என்று யோசித்தார். பச்சைக் குழந்தையின் தசைநார்கள் இழுத்தால் நீளக்கூடியவை என்று ஆராய்ந்து கண்டார். 1940-களின் கடைசியில் தன் முறையைத் தொடங்கி, 1963-ல் முடிவுகளை வெளியிட்டார். மருத்துவ உலகம் கண்டுகொள்ளவில்லை. 1990-களில்தான் அதன் அருமை புரிந்தது. 2009-ல், 95 வயதில் அவர் காலமானபோது உலகம் முழுக்க அந்த முறைதான் பரவியிருந்தது.

முறை இதுதான். பாதத்தை மெல்லத் திருப்பி, தொடைவரை மாவுக்கட்டு போடுவார்கள். வாரம் ஒரு முறை பிரித்து, இன்னும் கொஞ்சம் திருப்பி, மறு கட்டு. ஐந்தாறு கட்டில் பாதம் நேராகிவிடும். குதிகால் மட்டும் இறங்காது. அதற்காகப் பெரும்பாலான குழந்தைகளுக்கு, மரத்துப்போக ஊசி போட்டு, குதிகால் நரம்பு என்று நாம் சொல்கிற தசைநாரைச் சின்னக் கீறலில் வெட்டிவிடுவார்கள். மூன்று வாரம் கடைசிக் கட்டு. அதற்குள் தசைநார் நீளமாக வளர்ந்து கூடிவிடும். நூற்றுக்குத் தொண்ணூறு குழந்தைகளுக்கு மேல் பெரிய ஆபரேஷனே தேவைப்படாது.

நம் சித்த மருத்துவத்தின் முப்பத்திரண்டு புற மருத்துவங்களில் 'கொம்பு கட்டல்' ஒன்று. மூங்கிலோ மரச்சிம்போ வைத்துக் கட்டி எலும்பை நிலைநிறுத்துவது. கட்டின் அருமை நமக்குத் தெரியாததல்ல. இந்தக் குழந்தைக்கு வேண்டிய கட்டு எலும்பு டாக்டரிடம் இருக்கிறது, அவ்வளவுதான்.

கட்டு போட்ட பிறகு

* கால் விரல்களை அடிக்கடி பாருங்கள். அழுத்தினால் வெளுத்து, விட்டதும் சிவக்க வேண்டும். நீலம் பாய்ந்தாலோ, வீங்கினாலோ, சில்லிட்டிருந்தாலோ, விரல் கட்டுக்குள் போய்விட்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.
* கட்டு நனையக் கூடாது. ஈரத் துணியால் உடம்பைத் துடைத்தால் போதும்.
* கட்டுப் போடும்போது குழந்தை அழுதால் பால் கொடுங்கள், அடங்கிவிடும்.
* செலவை நினைத்துப் பயப்பட வேண்டாம். 2013-ல் மத்திய அரசு தொடங்கிய சிறார் நலத் திட்டத்தில் வளைபாதமும் சேர்ந்திருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

போன வாரம் பாட்டி மறுபடி வந்தார். பேரனின் இரண்டு பாதமும் நேராக இருந்தன. காலில் குட்டி ஷூ, இரண்டையும் இணைத்து ஒரு கம்பி.

"அதான் நேராயிட்டே ஐயா! எந்நேரமும் கம்பியோட கிடக்கான். ராத்திரியாவது கழட்டிப் போட்டிருவோமா?"

பல வீடுகளில் தவறு நடப்பது இந்த இடத்தில்தான். முதல் மூன்று மாதம், குளிக்கும் நேரம் போக நாள் முழுக்க அது காலில் இருக்க வேண்டும். பிறகு நாலு வயது வரை ராத்திரியும் பகல் தூக்கத்திலும் போட வேண்டும். கழற்றினால் பாதம் பழையபடி மடங்கப் பார்க்கும், கட்டு போடுவதை முதலிலிருந்து தொடங்க நேரும். இரண்டு நாள் அழுவான், மூன்றாம் நாள் பழகிவிடுவான்.

"நாலு வருஷமா?" என்று மலைத்தார் பாட்டி.

"நாலு வருஷம் கம்பி, அப்புறம் ஆயுசுக்கும் நல்ல நடை. எது பெரிசு?"

பாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மகள் பக்கம் திரும்பி, "நீ தூங்கு தாயி. ராத்திரி கம்பியை நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

அந்தப் பெண் அன்றைக்குத்தான் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.