எந்த வரியில் இருக்கிறது?

கலிங்கப் போருக்குப் பின் அசோகர் மனம் மாறினார் என்று எழுதாத பள்ளி மாணவர் இந்தியாவில் அபூர்வம். ஆதாரம் எங்கே என்று கேட்டால்தான் வகுப்பறை மௌனமாகிறது. 2005 தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பை ஒட்டி வந்த என்சிஇஆர்டியின் 12ஆம் வகுப்பு வரலாற்று நூல் இந்த மௌனத்தைக் கலைக்கப் பார்த்தது. பாடத்துக்கு நடுவே 13ஆம் பாறைக் கல்வெட்டின் மொழிபெயர்ப்பைக் கட்டம் கட்டித் தந்தது. ஒரு லட்சம் பேர் மாண்டதையும் ஒன்றரை லட்சம் பேர் பிடித்துச் செல்லப்பட்டதையும் மன்னரே அதில் சொல்கிறார். வருத்தமும் அங்கேயே இருக்கிறது. போர்க்களத்தில் வாளை வீசியெறிந்த காட்சி? அப்படி ஒரு வரி கல்வெட்டில் இல்லை.

இன்னும் சுவாரஸ்யமான விஷயம் உண்டு. உத்தராகண்டின் கால்சியிலும் குஜராத்தின் கிர்நாரிலும் பொறிக்கப்பட்ட இந்த வருத்தம், கலிங்க மண்ணான ஒடிஷாவின் தவுளி, ஜவுகடா பாறைகளில் காணப்படவில்லை. தோற்ற மக்களிடமே அதைப் பேச மன்னர் தயங்கினாரா? நூலே கேட்கிறது. மாணவர் ஊகிக்கலாம், ஆனால் ஊகம் என்று சொல்லித்தான் எழுத வேண்டும். எது வரி, எது ஊகம் என்று பிரிக்கப் பழக்குவதில்தான் ஆசிரியர்களுக்குப் பெரும்பாடு. தேர்வில் மூலப்பகுதி வினாக்கள் வந்துவிட்டன. அவற்றுக்கும் ரெடிமேட் விடை தரக் கையேடுகள் தயாராக இருக்கின்றன.