நம் ஆர்டரும் மலைக் கிழங்கின் விலையும்



மரவள்ளிக் கிழங்கின் விலை ஓர் ஆண்டு ஏறுகிறது. அதைப் பார்த்து எல்லோரும் குச்சி நடுகிறார்கள். மறு ஆண்டு கிழங்கு வந்து குவிகிறது; விலை விழுகிறது. ஜவ்வரிசி விலையும் கூடவே ஏறி இறங்குகிறது. காரணம் கேட்டால், விவசாயி ஆலைக்காரரைச் சொல்வார். ஆலைக்காரர் வடநாட்டு வியாபாரியைச் சொல்வார். வியாபாரி மழையைச் சொல்வார். ஒவ்வொன்றிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் சரக்கு கைமாறும் முறையையே பாடமாக எடுத்துக் கொண்டு ஆராய்ந்த அறிஞர்கள் இன்னொரு காரணத்தையும் காட்டியிருக்கிறார்கள். அது நம் ஆர்டர் புத்தகத்தில் இருக்கிறது. நாம் சரக்குக் கேட்கும் முறையே சிறிய ஏற்ற இறக்கத்தைப் பெரிதாக்கி விடுகிறது என்பதுதான் அது. நமக்கு நன்றாகத் தெரிந்த சரக்கை வைத்தே அதை இங்கு விளக்குகிறோம்.

மலையிலிருந்து கடை வரை

கல்வராயன் மலை கள்ளக்குறிச்சி, சேலம் மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. வெள்ளிமலை, கரியாலூர் பக்கத்திலும், சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த கருமந்துறைப் பக்கத்திலும் மலையாளிப் பழங்குடி மக்கள் மரவள்ளி பயிரிடுகிறார்கள். பெரும்பாலும் மழையை நம்பிய பயிர். நட்டு எட்டு முதல் பத்து மாதத்தில் கிழங்கு பிடுங்கலாம். அது லாரியில் ஏறி, சின்னசேலம், ஆத்தூர் பகுதிகளில் உள்ள சேகோ ஆலைகளுக்கு இறங்குகிறது.

இந்தத் தொழிலுக்கு நம் பகுதியில் வித்திட்டவர் ஒரு வணிகர் என்பதில் நமக்குப் பெருமை உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது வெளிநாட்டிலிருந்து ஸ்டார்ச் வருவது நின்று போயிற்று. கருவாட்டு வியாபாரத்துக்காகக் கேரளத்துக்குப் போய் வந்த சேலம் மாணிக்கம் செட்டியார், மலேயாவில் இத்தொழிலைக் கற்றிருந்த போபட்லால் ஷாவுடன் சேர்ந்து, 1943 வாக்கில் சேலத்தில் கிழங்கிலிருந்து மாவும் ஜவ்வரிசியும் செய்யத் தொடங்கினார். இன்று ஆலைகளின் சரக்கில் ஒரு பங்கு, 1982-ல் செயல்படத் தொடங்கிய சேலம் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கத்தின் ஏலத்தில் விலைபோகிறது. மீதி ஆலையிலிருந்து நேராக வியாபாரிகளுக்குப் போகிறது.

ஜவ்வரிசியைப் பெருமளவில் வாங்குவது வடநாடு. மகாராஷ்டிரம், குஜராத், மத்தியப் பிரதேசம் முதலிய இடங்களில் அது விரதச் சாப்பாடு. அவர்களுடைய சிராவண மாதம், நவராத்திரி, மகா சிவராத்திரி ஆகிய நாட்களில் தேவை கூடுகிறது. நம் பக்கத்தில் கோடையில் வடகம் போடும்போதும் பண்டிகைப் பாயசத்துக்கும் விற்கிறது. இவையெல்லாம் பஞ்சாங்கத்தைப் பார்த்தே சொல்லிவிடக் கூடியவை. சாப்பிடுகிறவர்களின் எண்ணிக்கையோ, அவர்கள் சாப்பிடும் அளவோ ஓராண்டில் தலைகீழாக மாறுவதில்லை. அப்படியிருக்க, மலையில் மட்டும் ஏன் இவ்வளவு ஆட்டம்?

சாட்டை வீச்சு

இக்கேள்வியை முதலில் முறையாக ஆராய்ந்தவர் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஜே ஃபாரஸ்டர். 1961-ல் வெளிவந்த தம் நூலில், கடையில் உண்டாகும் சிறு மாற்றம் தொழிற்சாலைக்குப் போய்ச் சேரும்போது பெரிதாகி விடுவதைக் கணக்குப் போட்டுக் காட்டினார். பிறகு, குழந்தைகளுக்கான டயபர் தயாரிக்கும் பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் தன் கணக்குகளைப் பார்த்தபோது இதையே கண்டது. குழந்தைகள் ஒரே சீராகத்தான் டயபரைப் பயன்படுத்துகிறார்கள். கடை விற்பனையும் ஏறத்தாழச் சீராகவே இருந்தது. மொத்த வணிகரின் ஆர்டர் மட்டும் ஏறி ஏறி இறங்கிற்று. இதற்குச் சாட்டை வீச்சு என்று பெயர் வந்தது. கைப்பிடியைக் கொஞ்சம் அசைத்தால் போதும்; சாட்டையின் நுனி வெகுதூரம் போய் வரும்.

ஒரு கணக்குக்காக இப்படி வைத்துக் கொள்வோம். ஒரு சில்லரைக் கடையில் மாதம் 10 மூட்டை ஜவ்வரிசி விற்கிறது. ஒரு மாதம் 11 விற்றது. கடைக்காரர் இருப்புக்கும் ஒன்று இருக்கட்டும் என்று 12 கேட்கிறார். ஊர் மொத்த வணிகருக்கு 11 விற்றது தெரியாது. 12 கேட்டதுதான் தெரியும். தேவை இரண்டு கூடிவிட்டது என்று எண்ணி, கையிருப்புக்கும் இரண்டு சேர்த்து 14 கேட்கிறார். அவருக்கு மேலே உள்ள பெரிய வணிகர் நான்கு கூடியதாக எண்ணி, இருப்புக்கு நான்கு சேர்த்து 18 கேட்கிறார். ஆலைக்காரர் எட்டு கூடியதாக எண்ணி, 26 மூட்டைக்கான கிழங்கைத் தேடுகிறார்.

வாடிக்கையாளர் கூடுதலாக வாங்கியது ஒரே மூட்டை. ஆலை கூடுதலாகத் தேடுவது 16 மூட்டைக்கான கிழங்கு. 90 கிலோ மூட்டை ஒன்றுக்குச் சுமார் 400 கிலோ கிழங்கு வேண்டும் என்பதால், இது ஆறு டன்னுக்கு மேல் போகிறது. இதில் ஒருவரும் பேராசைப்படவில்லை. ஒருவரும் பொய் சொல்லவில்லை. மறு மாதம் கடை விற்பனை பழையபடி 10-க்கு வந்தவுடன் எல்லாக் கிடங்கிலும் சரக்கு தேங்கி நிற்கும். எல்லோரும் ஒரே நேரத்தில் வாங்குவதை நிறுத்துவார்கள். அதற்குள் மலையில் கூடுதலாகக் குச்சி நட்டாகி விட்டது. அந்தக் கிழங்கு வரும் நாளில் அதைக் கேட்பார் இல்லை.

நான்கு காரணங்கள்

1997-ல் ஹாவ் லீ, பத்மநாபன், வாங் ஆகிய மூன்று ஆராய்ச்சியாளர்கள் இந்த வீச்சுக்கு நான்கு காரணங்களை வகுத்துச் சொன்னார்கள். நான்கும் நம் கடைவீதியில் அன்றாடம் காண்பவை.

முதலாவது, மேலே கண்டபடி, விற்பனையைப் பார்க்காமல் ஆர்டரைப் பார்த்து ஆர்டர் கொடுப்பது.

இரண்டாவது, சேர்த்து வைத்து ஒரேயடியாகக் கேட்பது. லாரி வாடகை மிச்சமாகும் என்று மாதத்துக்கு ஒரே லோடாக வாங்குகிறோம். எல்லோரும் மாதத் தொடக்கத்திலேயே கேட்டால், ஆலைக்கு ஒரு வாரம் மூச்சு முட்டும். மூன்று வாரம் வேலை இருக்காது.

மூன்றாவது, விலைச் சலுகை. பத்து மூட்டைக்கு ஒரு மூட்டை இலவசம் என்றாலும், விலை ஏறப் போகிறது என்ற பேச்சு கிளம்பினாலும், மூன்று மாதச் சரக்கை இன்றே வாங்கி அடுக்குகிறோம். அது விற்பனை அல்ல. பிறர் கிடங்கிலிருந்து நம் கிடங்குக்குச் சரக்கு இடம் மாறியதுதான்.

நான்காவது, தட்டுப்பாட்டின்போது கூட்டிக் கேட்பது. கேட்டதில் பாதிதான் கிடைக்கும் என்று தெரிந்தால், 20 வேண்டியவர் 40 கேட்பார். 2016 நவம்பரில் வடமாநிலங்களில் உப்புத் தட்டுப்பாடு என்று ஒரு வதந்தி கிளம்பி, மக்கள் கடைகளில் முண்டியடித்ததும், உப்பு பல மடங்கு விலைக்கு விற்றதும் நினைவிருக்கலாம். நாட்டில் உப்பு குறையவே இல்லை.

எல்லா ஏற்ற இறக்கமும் ஆர்டரால் வருவதென்று சொல்லவில்லை. 2020-ல் கேரளத்தில் முதலில் காணப்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி தமிழ்நாட்டிலும் பரவி விளைச்சலை வெகுவாகப் பாதித்தது. இது மெய்யான தட்டுப்பாடு. ஆப்பிரிக்காவில் இப்பூச்சியை அடக்கிய சிறு குளவி ஒன்றை ஆராய்ச்சி நிறுவனத்தார் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்துப் பெருக்கி, 2022-ல் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்திலிருந்து நம் பகுதியில் விடத் தொடங்கினர். பூச்சிக்கு அறிவியல் மருந்து கண்டது. ஆனால் இப்படிப்பட்ட மெய்யான தட்டுப்பாட்டின் மேல் நம் பதற்ற ஆர்டர்களும் சேர்ந்தால், அதை அடக்க எந்தக் குளவியாலும் ஆகாது.

நுனியில் இருப்பவர் யார்?

மரவள்ளிக்கு மண்தான் கிடங்கு. முதிர்ந்த கிழங்கைச் சில வாரங்கள் பிடுங்காமல் விட்டு வைக்கலாம். பிடுங்கிவிட்டால் இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலம் பாய்ந்து கெடத் தொடங்கும். விலை விழுந்த நாளில் கிழங்கோடு ஆலை வாசலில் நிற்கும் விவசாயி, கேட்ட விலைக்குக் கொடுத்தே ஆக வேண்டும். பிடுங்காமல் காத்திருந்தாலோ நார் ஏறும். இடையில் மழை பெய்தால் மாவுச்சத்து இறங்கும். கிழங்கைத் தண்ணீருக்குள் நிறுத்து, மாவுச்சத்தைப் பாயிண்ட் கணக்கில் பார்த்துத்தான் ஆலை விலை போடுகிறது. பாயிண்ட் குறைந்தால் பணமும் குறையும். மலைக்கு லாரி வாடகையும் அதிகம். ஆகவே சாட்டையின் நுனி அவர் மேல்தான் விழுகிறது.

அடுத்தவர் தொழிலாளி. ஒரு வாரம் இரவு பகலாக மூட்டை தூக்குவதும் மறு வாரம் கூலியில்லாமல் திரும்புவதும் கிடங்கு வாசலில் நாம் காணும் காட்சியே. ஆலைக் களத்தில் ஜவ்வரிசி காய வைக்கும் பெண்களுக்கும் இதே நிலைதான். களைத்த ஆளால் சரக்கு சிந்தும், விபத்தும் நேரும். வேலை சீராக இருக்கும் இடத்தில்தான் நல்ல ஆட்கள் நிலைத்து நிற்பார்கள்.

மூன்றாவது நீர் நிலைகள். ஒரு டன் கிழங்கை அரைக்கப் பல ஆயிரம் லிட்டர் தண்ணீர் செலவாகிறது. கழிவுநீரிலிருந்து எரிவாயு எடுக்கும் தொட்டிகளைப் பல ஆலைகள் அமைத்துள்ளன. அந்தத் தொட்டியில் வேலை செய்வது நுண்ணுயிர்கள். நாள்தோறும் ஒரே அளவாகக் கழிவுநீர் வந்தால் அவை நன்றாக வேலை செய்யும். ஒரே வாரத்தில் மூன்று மடங்கு வந்தால் சுத்திகரிப்பு கெடும். கழிவு ஓடைக்குப் போகும். சீரான ஆர்டர் ஓடைக்கும் நல்லது.

நமக்கு இதில் என்ன என்று கேட்கலாம். மலையில் கிழங்குப் பணம் இறங்கினால் கள்ளக்குறிச்சியிலும் சங்கராபுரத்திலும் சின்னசேலத்திலும் துணியும் பாத்திரமும் மளிகையும் விற்கின்றன. கிழங்கு விலை விழுந்த ஆண்டில் மலைக் குடும்பங்கள் வெளியூர்க் கூலி வேலைக்குப் போகின்றன. வெறுத்துப்போய் அவர்கள் பயிரை மாற்றினால், அடுத்த ஆண்டு விலை ஏறும்போது சரக்கு கிடைக்காமல் தவிப்பவர்களும் நாமே.

நாம் செய்யக் கூடியவை

இதற்குக் கம்ப்யூட்டரோ பெரிய முதலீடோ தேவையில்லை.

ஒன்று: சில்லரை வணிகரிடம் “எவ்வளவு வேண்டும்?” என்று கேட்பதோடு, “போன மாதம் எவ்வளவு விற்றது? இருப்பு எவ்வளவு?” என்றும் கேட்போம். அந்தக் கணக்கை நமக்குச் சரக்குத் தருபவருக்கும் சொல்வோம். ஒவ்வொருவரும் ஊகிப்பதை விட, எல்லோரும் ஒரே விற்பனைக் கணக்கைப் பார்ப்பதுதான் நான்கு மருந்திலும் முதன்மையானது.

இரண்டு: மாதம் ஒரு முழு லோடுக்குப் பதிலாக, ஜவ்வரிசியோடு வேறு மளிகைச் சரக்கையும் சேர்த்தோ, பக்கத்துக் கடைக்காரரோடு லாரியைப் பங்கிட்டோ இரண்டு மூன்று முறையாக வாங்குவோம். வாடகை ஏறாது, முடங்கும் முதலும் குறையும்.

மூன்று: ஒரு நாள் சலுகையை விட, ஆண்டு முழுவதும் நிலையான விலையைப் பேசிப் பெறுவோம். விரத மாதங்களும் கோடையும் முன்பே தெரிந்தவை. இரண்டு மாதம் முன்பே ஆலைக்குச் சொல்லிவிட்டால், அவர்கள் பிடுங்கும் நாளை மலையில் முறைவைத்துச் சொல்ல முடியும். விவசாயியும் லாரி வருகிற நாளுக்குத்தான் கிழங்கைப் பிடுங்குவார்.

நான்கு: தட்டுப்பாடு வந்தால், கேட்ட அளவைப் பார்த்துப் பங்கிடாமல், கடந்த ஆண்டு அதே மாதத்தில் வாங்கிய அளவைப் பார்த்துப் பங்கிடுவோம். கூட்டிக் கேட்பதால் ஆதாயம் இல்லை என்று தெரிந்தால் யாரும் கூட்டிக் கேட்க மாட்டார்கள். நேர்மையாகக் கேட்ட சிறு கடைக்காரரும் வெறுங்கையோடு திரும்ப மாட்டார்.

இதைச் சோதித்துப் பார்க்க ஓர் எளிய வழி உண்டு. உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் ஏதேனும் ஒரு சரக்குக்கு, ஒரு நோட்டில் இரண்டு பத்தி போட்டு, வாரந்தோறும் விற்றது எவ்வளவு, ஆர்டர் கொடுத்தது எவ்வளவு என்று மூன்று மாதம் எழுதி வரட்டும். விற்ற பத்தியை விட ஆர்டர் பத்தி அதிகமாக ஏறி இறங்கினால், அந்த வித்தியாசம் அடுத்தவர் தலையில் போய் விழுகிறது என்று பொருள். அந்த நோட்டுகளைச் சங்கத்தின் மாதக் கூட்டத்துக்குக் கொண்டு வந்து, ஒன்றாக வைத்துப் பேசினால், லாரியைப் பங்கிடுவதையும் முன்கூட்டி ஆர்டர் சொல்வதையும் அங்கேயே முடிவு செய்து விடலாம். அடுத்த கிழங்குப் பருவத்துக்குள் இதைத் தொடங்கும்படி உறுப்பினர்கள் அனைவரையும் கேட்டுக் கொள்கிறோம்.