வயலில் எடுத்த படம் கேட்டவுடன் கிடைக்க எந்தச் செயலி நல்லது?

மார்கழிப் பட்டத்து நிலக்கடலையைச் சித்திரையில் பிடுங்கிக் காயப் போட்டிருந்த விவசாயி ஒருவர் என்னிடம் வந்தார். கோடைமழையில் காய்கள் முளைத்துவிட்டன. "படம் எடுத்து வச்சிருக்கேன் சார்" என்று கைபேசியை எடுத்தவர் வெகுநேரம் தேடினார். காலை வணக்கப் படங்கள், கல்யாணப் பத்திரிகைகள், பேரன் படங்கள் என்று நான்காயிரத்துக்கும் மேல் இருந்தன. கடைசியில் கிடைத்தது, மகனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம்தான். இடம் போதவில்லை என்று அசல் படத்தை அழித்துவிட்டிருந்தார். எந்த வயல் என்ற விவரம் அதில் இல்லை.

பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், அறுவடை செய்து வயலில் காயவைத்த பயிர் 14 நாட்களுக்குள் பருவம் தவறிய மழையில் சேதமானால், 72 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும். படம் மட்டும் இழப்பீடு வாங்கித் தராது. நேரில் வந்து ஆய்வு செய்துதான் முடிவாகும். ஆனால் ஆய்வுக்கு வருவதற்குள் வயல் காய்ந்துவிட்டால், தேதியும் இடமும் உள்ள படம்தான் உங்களுக்குக் கைகொடுக்கும்.

ஆகவே செயலியைத் தேடும் முன், கைபேசி கேமராவின் அமைப்புகளில் இருப்பிடத்தைப் பதிவு செய்யும் வசதியை இயக்கி வையுங்கள். எடுத்த இடமும் நேரமும் படத்துக்குள்ளேயே பதிந்துவிடும். படத்தின் மேல் எழுத்தாக இடத்தை அச்சிடும் ஜிபிஎஸ் கேமரா செயலிகளும் உண்டு. அவற்றில் கேமராவுக்கும் இருப்பிடத்துக்கும் மட்டும் அனுமதி கொடுங்கள். தொலைபேசி எண்களைப் பார்க்க அனுமதி கேட்டால் அந்தச் செயலி வேண்டாம்.

படங்களை அடுக்கி வைக்க, பெரும்பாலான ஆண்ட்ராய்டு கைபேசிகளில் ஏற்கெனவே இருக்கும் கூகுள் போட்டோஸ் போதும். தேதி வாரியாகத் தானே அடுக்கும். வயலுக்கு ஒரு ஆல்பம் உருவாக்கி, 'கிணற்று மேட்டு வயல், கடலை, மார்கழிப் பட்டம்' என்று தமிழிலேயே பெயர் வையுங்கள். இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி. ஜிமெயிலும் டிரைவும் அதே இடத்தைத்தான் பங்கு போடுகின்றன. வீடியோக்கள் அதைச் சீக்கிரம் நிரப்பிவிடும்.

இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. 'இணையத்தில் ஏறிவிட்டதே, கைபேசியில் அழிக்கலாம்' என்று அந்தச் செயலியிலேயே படத்தை நீக்கினால், இரண்டு இடத்திலும் போய்விடும். இணையத்தில் ஏறிய படம் குப்பைத் தொட்டியில் 60 நாட்கள் இருக்கும், அதற்குள் மீட்கலாம். கைபேசியில் மட்டும் இடம் வேண்டுமென்றால், சாதனத்தில் இடத்தைக் காலியாக்கும் வசதி அதே செயலியில் தனியாக இருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள்.

படத்தைத் திருத்த ஸ்நாப்சீட் என்ற இலவசச் செயலி நல்லது. தேவையில்லாத பகுதியை வெட்டவும், இருட்டான படத்தைக் கொஞ்சம் வெளிச்சமாக்கவும் உதவும். சேமிக்கும்போது நகலாகச் சேமியுங்கள், அசல் அப்படியே இருக்கட்டும். ஆனால் பயிர் நோயைக் காட்ட அனுப்பும் படத்தில் வண்ணத்தைத் தொடவே வேண்டாம். நாங்கள் நிறத்தைப் பார்த்துத்தான் பாதி முடிவுக்கு வருகிறோம். கடலையில் அடி இலை வெளுத்தால் தழைச்சத்துக் குறையாக இருக்கலாம். நரம்பு பச்சையாக இருந்து நுனியின் இளம் இலை வெளுத்தால் இரும்புச்சத்துக் குறை என்று சந்தேகிப்போம். முதலாவதற்கு யூரியா, இரண்டாவதற்கு அன்னபேதி தெளிப்பு. படத்தை 'அழகாக்கும்' வசதி வெளிறிய இலையைச் செழிப்பான பச்சையாக்கிவிடும். மருந்து மாறிப்போனால் செலவு உங்களுக்குத்தான். இலையின் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து எடுத்தால், வெயிலால் நிறம் மாறியிருக்கிறதா என்று எங்களுக்குத் தெரியும். ஒற்றை இலையை மட்டும் எடுக்காமல் முழுச் செடியையும் ஒரு படம் எடுங்கள்.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும்போது படம் சுருங்கும், இட விவரமும் நீங்கிவிடும். பெயரில் தெரியும் தேதிகூட வாட்ஸ்அப்பில் அனுப்பிய அல்லது வந்த நாள்தான், எடுத்த நாள் அல்ல. இணைப்புக் குறியைத் தொட்டு, படத்தை 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் அசல் அப்படியே போய்ச்சேரும்.

வீட்டில் கணினி இருந்தால், அல்லது உழவர் உற்பத்தியாளர் நிறுவன அலுவலகத்தில் பல பேருடைய படங்களைச் சேர்த்து வைப்பதென்றால், டிஜிகாம் என்ற மென்பொருளைப் பார்க்கலாம். இலவசம், படங்களை அடுக்க இணையம் தேவையில்லை. 'இலைப்புள்ளி', 'கடலை' என்று ஒவ்வொரு படத்துக்கும் குறிச்சொல் இட்டு வைத்தால் பல வருடங்கள் கழித்தும் தேடி எடுக்கலாம். கற்றுக்கொள்ளக் கொஞ்சம் பொறுமை வேண்டும், கல்லூரி படிக்கும் பிள்ளைகளிடம் கொடுத்துவிடலாம். முன்பு பலர் பயன்படுத்திய பிகாசாவைக் கூகுள் 2016-இல் நிறுத்திவிட்டது. இப்போது அதை ஏதோ ஒரு தளத்திலிருந்து இறக்க வேண்டாம்.

பணம் கட்டி வாங்கும் மென்பொருள்கள் திருமணப் படக்காரர்களுக்கு உரியவை. அந்தப் பணத்தில் ஒரு பென்டிரைவ் வாங்கி, ஒவ்வொரு பட்டம் முடிந்ததும் அந்த வயலின் படங்களை அதில் ஒரு நகல் எடுத்து, பட்டா நகல் வைக்கும் இடத்திலேயே வைத்துவிடுங்கள்.