முதலாண்டு நிறைவும் ஒரு நூற்சிட்டமும்

தவக்காலத்து ஞாயிறு ஒன்றில் இரண்டாம் திருப்பலி முடிந்து நாம் குருமனைக்குத் திரும்பியபோது, திண்ணையில் ஓர் இளைஞர் துணிப்பையும் கையுமாகக் காத்திருந்தார். திருவண்ணாமலையில் பிறந்து வளர்ந்த நமது பங்கின் பிள்ளை. சில ஆண்டுகளாகத் திருப்பெரும்புதூர்ப் பக்கத்து ஓட்டல் ஒன்றில் விருந்து மண்டபத்தின் மேற்பார்வையாளராக வேலை செய்கிறார். மாதம் ஒருமுறை ஊருக்கு வந்து போவார். பையைத் திறந்து, வெள்ளை நூற்சிட்டம் ஒன்றை எடுத்து நம்முன் வைத்தார்.

“சாமி, இதை மந்திரித்துத் தர வேண்டும்.”

செபமாலையையும் சுரூபத்தையும் மந்திரிக்கக் கொண்டுவருவோர் உண்டு. தறிக்குப் போகும் நூலைக் கொண்டு வந்தவரை நாம் அதுவரை கண்டதில்லை. “எதற்கப்பா நூல்?” என்றோம்.

“போன மாதம் ஒரு கொரியாக்காரக் குழந்தைக்கு எங்கள் ஓட்டலில் முதல் பிறந்தநாள் நடந்தது சாமி. ஏற்பாடெல்லாம் நான்தான். அதே மாதிரி என் மகளுக்கும் நம் ஊர் ஓட்டலில் நடத்தப் போகிறேன்.”

கொரியா என்றதும் நமது வாசகர்களுக்கு 1984-ஆம் ஆண்டு மே 6-ஆம் நாள் நினைவுக்கு வரும். அன்றுதான் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் சியோல் மாநகரில் 103 வேதசாட்சிகளைப் புனிதர் நிலைக்கு உயர்த்தினார். ஆனால் நமது இளைஞர்களுக்குக் கொரியா என்பது இருங்காட்டுக்கோட்டை. 1996-இல் ஹூண்டாய் நிறுவனம் அங்கே கால் வைத்து, 1998-இல் முதல் சான்ட்ரோ காரை வெளியிட்டது. பின்னர் 2007-இல் சாம்சங் வந்தது. உதிரிப் பாகங்கள் செய்யும் சிறு நிறுவனங்கள் பலவும் தொடர்ந்தன. பொறியாளர்களும் மேலாளர்களும் மனைவி மக்களோடு வந்து சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் குடியேறினர். குடும்பம் வந்தால் குழந்தை பிறக்கும். குழந்தை பிறந்தால் ஆண்டு நிறைவும் வரும் அன்றோ!

அந்த ஆண்டு நிறைவை அவர்கள் ‘டோல்’ என்கிறார்கள். குழந்தையின் தாய் மும்முறை ஓட்டலுக்கு வந்து ஏற்பாடுகளைப் பேசினாராம். முதற்கேள்வியே, “எத்தனை மணிக்கு மண்டபம் கிடைக்கும்?” என்பதுதான். குழந்தை பகல் ஒன்று முதல் மூன்று வரை உறங்கும். ஆகவே பதினொன்றரைக்கெல்லாம் சடங்கு முடிய வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். விருந்தினரின் வசதியைப் பார்த்து நேரம் குறிப்பதும், தூக்கம் கலைந்து வீறிடும் பிள்ளையைக் கைமாற்றிக் கைமாற்றிப் படம் எடுப்பதும் நமது வழக்கம். அத்தாயின் விவேகத்தை நாம் மெச்சினோம்.

அடுத்து மேசை. நாற்காலி போட்டு அமரும் உயரமான மேசை உதவாது. தரையில் பாய் விரித்து, குழந்தை உட்கார்ந்தபடியே கைநீட்டி எட்டும்படியான தாழ்ந்த பலகை வேண்டும். அதன் பின்வரிசையில் பழங்களைக் கோபுரமாக அடுக்குவர். நடுவில் வெள்ளை அரிசிமாவைச் சர்க்கரை சேர்த்து ஆவியில் வேகவைத்த பணியாரம். அதைப் ‘பெக்சொல்கி’ என்கின்றனர்; நம் வீட்டுப் புட்டுக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று வைத்துக்கொள்ளலாம். அதன் வெண்மை குழந்தையின் மாசின்மைக்கு அடையாளம். பக்கத்தில் சோளமாவு உருண்டைகள், சிவந்த பயற்றுத்தூளில் புரட்டியவை. செந்நிறம் கெட்டதை அண்டவிடாது என்பது அவர்கள் முன்னோரின் எண்ணம். நம் ஊரில் ஆரத்தி கரைப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

முன்வரிசையில்தான் விளையாட்டு இருக்கிறது. நூல், எழுதுகோல், புத்தகம், பணம், அரிசி, இலந்தை போன்றதொரு பழம், ஆணானால் வில்லும் அம்பும், பெண்ணானால் கத்தரிக்கோலும் அளவுகோலும் என்று பரப்பி வைத்து, பலவண்ணக் கோடிட்ட கைகளையுடைய பட்டாடை அணிவித்துக் குழந்தையை முன்னே விடுவர். எதை முதலில் எடுக்கிறதோ, அதைக்கொண்டு எதிர்காலத்தைச் சொல்லிச் சிரிப்பர். எழுதுகோல் என்றால் கல்வி; அரிசி என்றால் வயிற்றுக்குக் குறைவில்லை; நூல் என்றால் நீண்ட ஆயுள். இதற்கு ‘டோல்ஜாபி’ என்று பெயர். இந்நாளில் மருத்துவரின் இதயத்துடிப்புக் கருவி, ஒலிவாங்கி, நீதிபதியின் சுத்தியல், கோல்ப் பந்து முதலியவும் மேசையேறிவிட்டன. பெற்றோரின் ஆசை எங்கே என்பதை மேசையைப் பார்த்தே அறியலாம் போலும்! இதை வேற்றுநாட்டு விந்தை என்று எண்ண வேண்டா. வங்காளத்திலும் ஆந்திரத்திலும் குழந்தைக்கு முதற்சோறு ஊட்டும் நாளில் புத்தகம், பேனா, பொன் முதலியவற்றை வைத்துப் பார்க்கும் வழக்கம் இன்றும் உண்டு.

அன்று ஓட்டலில் ஒரு சங்கடம் நேர்ந்ததாம். மேசையைத் துடைக்க வந்த பையன், பழங்களிடையே கிடந்த நூலைப் பொட்டலம் கட்டிய கயிறு என்று நினைத்துக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டான். தாய் வந்து பார்த்தார், முகம் வெளுத்துவிட்டது. பழம் குறைந்திருந்தால் பொறுத்திருப்பார். நூல் இல்லாமல் தொடங்க முடியாது என்று கலங்கி நின்றார். நமது இளைஞர் கூடையைக் கிளறி, நூலை மீட்டு, தூசி தட்டிக் கொடுத்த பிறகே அவருக்கு மூச்சு வந்தது. குழந்தை பணத்தை எடுத்தது, எல்லாரும் கைதட்டினர். ஆனால் தாயோ, அந்த நூலை எடுத்து மாலையாக மகனின் கழுத்தில் இட்டுவிட்டுத்தான் எழுந்தாராம்.

“அதனால்தான் சாமி, ஆரணிக்குப் போய்த் தறிக்காரர் ஒருவரிடம் இந்தச் சிட்டத்தை வாங்கி வந்தேன்” என்று முடித்தார்.

நூல் சரி, ஓட்டல் கணக்கைக் கேட்டோம். குளிர்சாதன மண்டபம், இருநூறு பேருக்கு உணவு, பூ அலங்காரம், படமும் வீடியோவும் எல்லாமாக இரண்டு இலட்சம் என்றார். மனைவியின் ஐந்து பவுன் சங்கிலி அடகுக்குப் போகிறது. நமக்குக் கோபம் வந்தது; வந்ததை மறைப்பானேன்? திருமுழுக்கு விருந்துக்குக் கடன், புதுநன்மைக்குக் கடன், மஞ்சள் நீராட்டுக்குக் கடன் என்று வட்டிக்கடை வாசலில் நிற்கும் குடும்பங்களை நாள்தோறும் காண்கிறோம். “கொரியாக்காரன் சம்பளம் உனக்கு வருகிறதா?” என்று கடுமையாகவே கேட்டுவிட்டோம். அவர் ஒன்றும் பேசவில்லை. சிட்டத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். மந்திரிக்கவும் இல்லை.

மாலையில் அவருடைய தாயார் வந்தார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. “சாமி, மூத்ததை மறந்துட்டீங்களா?” என்றார்.

மறந்துதான் போயிருந்தோம். அவர் சென்றபின் மரணப் பதிவேட்டை எடுத்துப் புரட்டினோம். மூன்று ஆண்டுகளுக்கு முந்திய பக்கத்தில், நமது கையெழுத்திலேயே இருந்தது: ஆண் குழந்தை, வயது எட்டு நாள். நள்ளிரவில் மருத்துவமனைக்கு ஓடியதும், கண்ணாடிப் பெட்டிக்குள் கைவிட்டுப் பஞ்சில் நனைத்த நீரால் அவசரத் திருமுழுக்கு அளித்ததும், மறுநாள் தகப்பனே அந்தச் சிறு பெட்டியைத் தோளில் சுமந்து கல்லறைக்கு நடந்ததும் அப்போதுதான் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. இந்தியாவில் 1971-இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் இறந்தன. 2020-ஆம் ஆண்டுக் கணக்கில் தமிழ்நாட்டில் அது 13 ஆகக் குறைந்துவிட்டது. பெரும் சாதனைதான். ஆனால் அந்தப் பதின்மூன்றில் ஒன்று தம் வீட்டில் நிகழ்ந்தவர்களுக்குப் புள்ளிவிவரத்தால் என்ன ஆறுதல்?

அன்றிரவும் அடுத்து வந்த நாட்களிலும், இந்த ‘டோல்’ பற்றிச் சில நூல்களைத் தேடிப் படித்தோம். கொரியாவிலும் இவ்விழா பிறந்தது பிள்ளைகள் தங்காத காலத்தில்தான். குழந்தை பிறந்த நூறாம் நாள் அவர்களுக்கு முதல் வாயில். ஓராண்டு நிறைவது இரண்டாம் வாயில். இவ்விரண்டையும் கடந்த பிள்ளையே நிலைத்த பிள்ளை. நூறாம் நாளில் அரிசிப் பணியாரத்தை நூறு வீடுகளுக்குப் பகிர்ந்தால் ஆயுள் நீளும் என்பார்கள். பெற்றுக்கொண்ட வீட்டார் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தருவதில்லை. அரிசியோ நூலோ வைத்துத் தருவர். பிள்ளைபெற்ற தாய் உண்ணும் கடற்பாசிச் சாறே பிறந்தநாள்தோறும் அந்தப் பிள்ளைக்கும் ஊட்டப்படுகிறது. வயதைக் கணக்கிடுவதிலும் ஒரு நயம் இருந்தது. பிறக்கும்போதே குழந்தைக்கு ஒரு வயது என்றனர். கருவறையில் வாழ்ந்த காலமும் வாழ்க்கைதானே! இப்பழைய கணக்கை நீக்கி, உலகோர் எண்ணும் முறையையே சட்டமும் அரசு அலுவலகங்களும் கொள்ள வேண்டும் என்னும் சட்டம் 2023-ஆம் ஆண்டு சூன் மாதம் நடைமுறைக்கு வந்தது.

ஓட்டல் விருந்து அவர்களுக்குமே புதிது. வீட்டுக் கூடத்தில் பாட்டிமார் நடத்திய விழா, நகர வாழ்க்கை பெருகியபின் விருந்து மண்டபத்திற்கும் ஓட்டலுக்கும் குடிபெயர்ந்தது. அறிவிப்பாளர், குலுக்கல் பரிசு, படக்காட்சி எல்லாம் சேர்ந்தன. உறவினர் 3.75 கிராம் எடையுள்ள பொன் மோதிரம் போடுவது வழக்கம். பொன் விலை ஏறியபின் பலர் ஒரு கிராம் மோதிரத்திற்கோ பண உறைக்கோ இறங்கிவிட்டனர். செலவைக் கண்டு மலைத்துத் தாத்தா பாட்டிகளோடு மட்டும் எளிமையாகக் கொண்டாடும் இளம் பெற்றோர் இன்று அங்கே மிகுதி. 2023-இல் அந்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 0.72 குழந்தை என்னும் அளவிற்குப் பிறப்பு குறைந்துவிட்டது. ஒரே பிள்ளையென்றால் ஓட்டலும் சிறியதாகத்தான் தோன்றும்!

இடையில் ஒரு செய்தி. கொரியக் குழந்தையும் தகப்பனை ‘அப்பா’ என்றே அழைக்கிறது; தாயை அழைப்பதும் ஏறக்குறைய நம் ‘அம்மா’வே. இத்தகைய ஒற்றுமைகளைக் கண்டு ஹோமர் ஹல்பர்ட் என்னும் அமெரிக்கர் 1905-இல் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஒரு நூலே எழுதினார். இருமொழிக்கும் உறவு உண்டு என்பதை இன்றைய மொழியறிஞர் ஏற்பதில்லை. ஆனால் ஓட்டலில் அந்தக் குழந்தை ‘அப்பா’ என்று கூப்பிட்டபோது தாமும் திரும்பிப் பார்த்ததாக நமது இளைஞர் சொன்னது உண்மை.

அடுத்த முறை அவர் ஊருக்கு வந்திருந்தபோது, நாமே அவர் வீட்டிற்குச் சென்றோம். மூத்த பிள்ளையை மறந்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்டோம். மருமகள் அதுவரை அடுப்படியிலேயே நின்றவர், வெளியே வந்து பேசினார்: “சங்கிலி போனால் போகட்டும் சாமி. ஆனால் மாசாமாசம் வட்டி கட்டும்போதெல்லாம் பிள்ளையின் பிறந்தநாளையே நொந்துகொள்வோமே, அதுதான் எனக்குப் பயம்.” தாம் ஒருமுறையும் இதைக் கணவரிடம் வாய்விட்டுச் சொன்னதில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. இளைஞர் வெகுநேரம் தலைகுனிந்திருந்தார். பிறகு, “ஊரான் பிள்ளைக்கெல்லாம் நான் மேசை போடுகிறேன் சாமி. என் பிள்ளைக்கு நான் எதுவும் செய்யவில்லை என்று இருக்கக் கூடாது” என்றார். இதற்கு என்ன மறுமொழி சொல்வது? கொண்டாட வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டோம் என்று மட்டும் கூறினோம்.

நாளும் ஒரு தடையாக வந்தது. குழந்தையின் பிறந்தநாள் சித்திராப் பௌர்ணமிக்கு முந்திய நாள். நமது ஊரில் பௌர்ணமி என்றாலே பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதை நிறைந்து வழியும். சித்திராப் பௌர்ணமியிலோ இலட்சக்கணக்கில் மக்கள் திரள்வர். பேருந்துகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். விடுதி அறைக்கு வாய்க்கு வந்ததுதான் வாடகை. மண்டபக்காரர் அன்றைக்கு மும்மடங்கு கேட்டார். சைவ உணவுதான் என்றும் சொல்லிவிட்டார். பிரியாணி இல்லாத விருந்தா என்று பெரிய மாமா முகம் சுளித்தார். வெளியூர் உறவினர் எப்படி வந்து சேர்வர்? ஓட்டல் நடத்தும் தொழிலிலேயே இருப்பவர் இதை முன்னமே பார்த்திருக்க வேண்டும். ஆசை கண்ணை மறைத்துவிட்டது போலும். ஆகவே பௌர்ணமி கழிந்து வந்த ஞாயிறன்று, வீட்டு வாசலிலேயே பந்தலிட்டு நடத்துவதென்று முடிவாயிற்று.

நூறு பேர் இருப்பார்கள். கொரிய முறைப்படி நேரம் குறித்ததால் குழந்தை நன்றாகத் தூங்கி எழுந்து சிரித்த முகத்தோடு இருந்தாள். பாயின்மேல் ஒரு மணைப்பலகை. அதில் நூல், பேனா, திருவிவிலியம், அரிசி, கரண்டி, பாட்டி செய்த புட்டு. கேரளத்து மாதிரித் தேங்காய் போடாமல் சர்க்கரை மட்டும் சேர்த்து வெள்ளையாக அவித்திருந்தார். தெருவில் மதம் பாராமல் ஒவ்வொரு வீட்டிற்கும் ஒரு கிண்ணம் போயிற்று. எதிர்வீட்டம்மாள் கிண்ணத்தைத் திருப்பித் தரும்போது தாமாகவே ஒரு பிடி அரிசி போட்டு வைத்தார். கொரியாவைப்பற்றி அவருக்கு யாரும் சொல்லவில்லை.

சிட்டத்தை அன்று மந்திரித்தோம். குழந்தை முதலில் நமது மூக்குக் கண்ணாடியைப் பறித்தாள். மாமன்மார், “அப்படியானால் கன்னியர் மடம்தான்” என்று ஆரவாரித்தனர். கண்ணாடியை மீட்டபின், புட்டை அள்ளி வாயில் திணித்துக்கொண்டாள். நூலைத் திரும்பியும் பார்க்கவில்லை. பாட்டிதான் அதை எடுத்து, இரண்டாக மடித்து, பேத்தியின் கழுத்தில் இட்டார். இளைஞர் தம் மனைவியிடம் ஏதோ மெல்லச் சொன்னார். இருவரும் எழுந்து வீட்டினுள்ளே போய், மூத்த பிள்ளைக்கென்று எடுத்து வைத்திருந்த சிறு தொப்பி ஒன்றைக் கொண்டுவந்து பலகையின் ஓரத்தில் வைத்தனர். பிறகு பந்தியில் இலை போட்டார்கள்.