நான்கு எழுத்தும் இருபத்து நான்கு பைட்டும்

நுழையும்முன்

மனிதர் எழுதும் மொழி வேறு. கணினி உணரும் மொழி வேறு. இவ்விரண்டிற்கும் இடையே நிகழும் மொழிபெயர்ப்பையும், தரவுகள் நினைவகத்தில் இடம்பெறும் முறையையும் அறிந்தால், ஒரு நிரல் எங்கே பிழைபடும் என்பது விளங்கும். ஓர் ஊர்ப்பெயரைக் கொண்டு இதனை விளக்குகிறது இப்பாடம்.

பெயரும் அளவும்

ஆவடியை அடுத்துள்ள புறநகர்ப் பகுதி சேக்காடு. சே, க், கா, டு என அப்பெயரில் நான்கு எழுத்துகள் உள்ளன. தமிழ் இலக்கணம் கற்ற எவரும் இவ்வாறே எண்ணுவர். ஆனால், இன்று பரவலாக வழங்கும் யூடிஎஃப்-8 முறையில் இப்பெயர் 24 பைட் இடத்தைக் கொள்கிறது.

இதற்குக் காரணம் உண்டு. ஒருங்குறியில் ‘சே’ என்பது ஒரே குறியன்று; ‘ச’ ஒரு குறி, ஏகாரத்தைக் காட்டும் கொம்பு மற்றொரு குறி. அவ்வாறே ‘க்’ என்பது ககரமும் புள்ளியும் ஆகும். இப்படி நான்கு எழுத்துகளும் எட்டுக் குறிகளாகின்றன. யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க்குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் பெறுவதால் மொத்தம் 24 பைட் ஆகிறது. ஆங்கில எழுத்து ஒன்றுக்கோ ஒரு பைட்டே போதும்.

மூலநிரல் முதல் இயக்கம் வரை

சி போன்ற மொழிகளில் நிரலர் எழுதுவது மூலநிரல் எனப்படும். நிரல்பெயர்ப்பி அதனை முழுமையாக ஆராய்ந்து, தொடரியல் பிழைகளைச் சுட்டிக்காட்டி, பிழையற்ற நிரலைப் பொறிமொழிக்கு மாற்றுகிறது. இணைப்பி, தேவையான நூலகச் செயற்கூறுகளை அதனுடன் சேர்த்து இயங்குநிரலை உருவாக்குகிறது. பயனர் அதனை இயக்கும்போது, ஏற்றி அதனை நினைவகத்தில் அமர்த்துகிறது. நூல் முழுவதையும் முன்கூட்டியே பெயர்த்துத் தருபவரை நிரல்பெயர்ப்பிக்கும், மேடைப்பேச்சை உடனுக்குடன் பெயர்த்துச் சொல்பவரை வரிமொழிமாற்றிக்கும் ஒப்பிடலாம்.

அடுக்கும் குவியலும்

இயங்கும் நிரல் பயன்படுத்தும் நினைவகப் பகுதிகளுள் இரண்டு இன்றியமையாதவை. ஒன்று அடுக்கு. ஒரு செயற்கூறு அழைக்கப்படும்போது அதன் உள்ளக மாறிகள் இங்கே இடம்பெறும். பணி முடிந்ததும் அவ்விடம் விடுவிக்கப்படும். கடைசியாக வைத்த தட்டையே முதலில் எடுப்பதுபோல, கடைசியாக அழைக்கப்பட்ட செயற்கூறே முதலில் வெளியேறும். பணி முடிந்தபின் திரும்பவேண்டிய முகவரியும் பொதுவாக இவ்வடுக்கிலேயே வைக்கப்படும்.

மற்றொன்று குவியல். நிரல் இயங்கும்போது வேண்டிய அளவு இடத்தை இதிலிருந்து கேட்டுப் பெறலாம். சி மொழியில் அவ்வாறு பெற்ற இடத்தை நிரலரே திருப்பித் தருதல் வேண்டும். தவறினால், பயனற்ற இடம் பெருகிக்கொண்டே செல்லும். இது நினைவகக் கசிவு எனப்படும்.

இருவகைக் காலம்

நான்கு எழுத்துக்கு நான்கு, முடிவுக்குறிக்கு ஒன்று என எண்ணி, ஊர்ப்பெயருக்கு 5 பைட் அளவுள்ள அணியை ஒரு நிரலர் அறிவித்ததாகக் கொள்வோம். ‘சேக்காடு’ என்பதை மூலநிரலிலேயே அவ்வணியின் தொடக்க மதிப்பாக எழுதினால், 25 பைட் தேவை என்பதை நிரல்பெயர்ப்பி கண்டறிந்து சுட்டிக்காட்டும். ஆனால், அப்பெயரைப் பயனர் பின்னர் தட்டச்சு செய்வாராயின், நிரல்பெயர்ப்பிக்கு அதனை முன்னரே அறிய வழியில்லை. அளவைச் சோதிக்காத நிரல், எஞ்சிய 20 பைட்டையும் அடுத்துள்ள இடத்தில் எழுதிவிடக்கூடும். அதனால் பிற மாறிகளின் மதிப்பு சிதையலாம். திரும்பவேண்டிய முகவரியே மாறிவிடலாம். இதனை இடையக வழிவு என்பர்.

இது ஏட்டளவில் நிற்கும் அச்சமன்று. 1988 நவம்பர் 2 அன்று இணையத்தில் பரவிய ‘மோரிஸ் புழு’ என்னும் நிரல், பிற கணினிகளுள் நுழையக் கையாண்ட வழிகளுள் இதுவும் ஒன்று. 512 பைட் மட்டுமே கொள்ளும் இடத்திற்கு 536 பைட் அனுப்பி, திரும்பும் முகவரியை அது மாற்றியது. அங்கே உள்ளீட்டைப் பெற்ற ‘கெட்ஸ்’ என்னும் செயற்கூறு அளவைச் சோதிப்பதில்லை. 2011ஆம் ஆண்டில் வெளிவந்த சி மொழித் தரத்திலிருந்து அச்செயற்கூறு நீக்கப்பட்டது.

பெயர்க்கும் நேரத்தில் தெரிந்ததையே நிரல்பெயர்ப்பி காக்க இயலும். இயக்க நேரத்தில் வருவதை அளந்து ஏற்பது நிரலரின் கடமையாகும். தமிழ்ப் பெயர்களை ஏற்கும் நிரலை எழுதுவோர், எழுத்தின் எண்ணிக்கையும் பைட்டின் எண்ணிக்கையும் ஒன்றல்ல என்பதை மனத்திற்கொள்ளுதல் வேண்டும். இல்லையெனில், படிவத்தில் ஒருவருடைய பெயர் பாதியில் அறுபடும். அல்லது நிரலே நின்றுபோகும்.

தெரிந்து தெளிவோம்

தமிழ்நாடு அரசு 2010ஆம் ஆண்டில் ஒருங்குறியையும் ‘டேஸ்-16’ முறையையும் தமிழுக்குரிய தரங்களாக அறிவித்தது. டேஸ்-16 முறையில் உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் 16 பிட், அதாவது 2 பைட் அளவுள்ள தனிக்குறி உண்டு. இம்முறையில் ‘சேக்காடு’ 8 பைட்டில் அடங்கும்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் பெயரிலும் ஊர்ப்பெயரிலும் உள்ள எழுத்துகள், ஒருங்குறிக் குறிகள், யூடிஎஃப்-8 பைட்டுகள் ஆகியவற்றை எண்ணி அட்டவணைப்படுத்துக.
2. நிரல்பெயர்ப்பி கண்டறியும் பிழை, இயக்க நேரப் பிழை ஆகியவற்றை எடுத்துக்காட்டுடன் வேறுபடுத்தி வகுப்பறையில் உரையாற்றுக.