சமையலறை அலமாரி செய்யப் போறீங்களா? மூக்கையும் கொஞ்சம் கவனியுங்க!

சமையலறையில் மர அலமாரி செய்வதற்கும் சித்த வைத்தியனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டுச் சமையல்கட்டில் வேலை நடக்கும் வரையில் நானும் அப்படித்தான் நினைத்துக் கொண்டிருந்தேன்.

"ஏங்க, ஓக் மரத்துல பண்ணிடலாம். கடையில பார்த்தேன், அவ்வளவு அழகா இருக்கு" என்றாள் என் மனைவி. ஓக் என்றதும் எனக்கு மாசிக்காய்தான் ஞாபகம் வந்தது. வாய்ப்புண்ணுக்கும் ஈறு வீக்கத்துக்கும் கொடுக்கிறோமே, அந்த மாசிக்காய் உண்மையில் காயே இல்லை! ஓக் இனத்து மரம் ஒன்றின் இளங்கிளையில் சின்னக் குளவி ஒன்று முட்டையிட, அந்த இடத்தில் மரம் முண்டு கட்டிக் கொள்கிறது. துருக்கி, ஈரான் பக்கத்துச் சரக்கு. வாயில் வைத்தால் நாக்கு சுருண்டுவிடும், அப்படி ஒரு துவர்ப்பு.

அந்தத் துவர்ப்பு ஓக் பலகையிலும் உண்டு. அந்தக் காலத்தில் மாசிக்காய்ச் சாற்றில் அன்னபேதியைப் போட்டுத்தான் கறுப்பு மை தயாரித்தார்கள். அன்னபேதி என்பது இரும்பு உப்பு. ஓக் பலகையில் சாதாரண இரும்பு ஆணியை அடித்து, தண்ணீரும் பட்டால் அதே மை உங்கள் அலமாரியிலேயே தயாராகிவிடும்! ஆணியைச் சுற்றித் திட்டுத் திட்டாகக் கறுக்கும். பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகு போடச் சொல்லுங்கள். இன்னொன்று, சிவப்பு ஓக்கின் நுண்குழாய்கள் திறந்தே இருப்பதால் தண்ணீரை இழுக்கும். வெள்ளை ஓக்கில் அவை அடைபட்டிருக்கும். பீப்பாய் செய்ய அதைத்தான் எடுக்கிறார்கள். பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் வெள்ளை ஓக்தான் தாங்கும்.

நம் காட்டில் வளராத மரம். விலையைக் கேட்டதும் மனைவியே இறங்கி வந்தாள். முகப்புக் கதவுகள் மட்டும் ஓக், உள்ளே எல்லாம் பிளைவுட் என்று முடிவாயிற்று.

ஆசாரியின் மூக்கு

வேலைக்கு வந்த ஆசாரிக்கு என் வயதுதான் இருக்கும். பதினைந்து வயதிலிருந்து உளி பிடித்தவர். கூடத்திலேயே உட்கார்ந்து இழைத்தார், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். வீடு முழுக்க மாவு மாதிரி தூசி. மூன்றாம் நாள் பார்க்கிறேன், துண்டில் ரத்தக் கறை.

"என்ன ஆசாரி, மூக்குல ரத்தமா?"

"சூடுங்க அய்யா. ரெண்டு மாசமா இந்த ஒரு பக்கந்தான் அடைச்சிக்கிட்டு இருக்கு. நீங்களே ஏதாவது சூரணம் குடுங்களேன்."

நான் கொடுக்கவில்லை. சாதாரண சளியடைப்பு என்றால் நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்கச் சொல்லியிருப்பேன். ஆனால் மரத்தூசியில் நாற்பது வருஷம் இருந்தவருக்கு, ஒரே பக்க மூக்கடைப்பு, அதிலும் ரத்தம் என்றால் அது வேறு கணக்கு. இங்கிலாந்தில் ஹை விக்கம் என்று நாற்காலி செய்வதற்குப் பேர்போன ஊர் ஒன்று உண்டு. ஓக்கும் பீச் மரமும் அங்கே அதிகம் புழங்கும். அந்தப் பக்கத்துத் தச்சர்களுக்கு, மற்றவர்களிடம் அபூர்வமாக வருகிற மூக்கு உட்புறப் புற்றுநோய் மிக அதிகமாக வருவதை 1960களில் டாக்டர்கள் கண்டுபிடித்தார்கள். மரத்தூசி புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1995-ல் முதல் வகுப்பிலேயே சேர்த்துவிட்டது. பல வருஷம் சுவாசித்தவர்களுக்குத்தான் அந்த ஆபத்து; பத்து நாள் வேலை நடக்கிற வீட்டுக்காரர்கள் பயந்து சாக வேண்டாம்.

காது மூக்கு தொண்டை டாக்டரிடம் நானே கூட்டிக்கொண்டு போனேன். குழாய் விட்டுப் பார்த்து, சதையைக் கிள்ளி எடுத்துப் பரிசோதித்தார்கள். முடிவு வர ஒரு வாரம். அந்த வாரம் முழுக்க ஆசாரியின் சம்சாரம் எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்திருக்கும், எதுவும் பேசாது. நல்ல வேளை, வெறும் சதை வளர்ச்சிதான் என்று வந்தது. ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டார்கள்.

உங்கள் வீட்டில் வேலை நடந்தால் இழைப்பதையும் தேய்ப்பதையும் மொட்டை மாடியிலோ வாசலிலோ வைத்துக் கொள்ளச் சொல்லுங்கள். என்-95 முகமூடி நீங்களே வாங்கிக் கொடுங்கள். அவர்கள் கேட்க மாட்டார்கள். தூசியை விளக்குமாற்றால் விசிறிப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். வீட்டில் ஆஸ்துமாக்காரர்கள் இருந்தால் அந்த நாட்களில் உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடலாம். ஓக் வேண்டாம், தேக்கு போதும் என்பவர்களுக்கும் இதெல்லாம் உண்டு. தேக்குத் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பும் தடிப்பும் கொண்டு வரும்.

கண் எரிகிறதா?

ஆசாரி இல்லாமல் வேறு ஆள் வைத்து வேலையை முடித்தோம். புது அலமாரியைத் திறந்தால் மனைவிக்குக் கண் எரிச்சல், தொண்டைக் கரகரப்பு. "புதுசுன்னா அப்படித்தாங்க இருக்கும்" என்றாள். எனக்கு அந்த நெடி கல்லூரியில் உடற்கூறு வகுப்பை நினைவுபடுத்தியது. பிணத்தைப் பதப்படுத்தும் ஃபார்மலின்! பிளைவுட், பார்ட்டிகிள் போர்டு, எம்.டி.எஃப். இவற்றை ஒட்டும் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு வாயு கசியும். இதையும் 2004-ல் அதே முதல் வகுப்பில் சேர்த்திருக்கிறார்கள். வெப்பமும் ஈரமும் கூடினால் கசிவு கூடும். நம் சமையலறையில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. முதல் சில மாதங்கள்தான் அதிகம், போகப்போகக் குறையும்.

வாங்கும்போதே ஈ-1 அல்லது ஈ-0 என்று குறித்த பலகையாகக் கேளுங்கள். ஐ.எஸ். 710 முத்திரையுள்ள பலகையில் தண்ணீருக்குத் தாங்கும் ஃபீனால் பசை போடுவார்கள். மலிவுப் பலகையின் யூரியா பசையைவிட இதில் கசிவு குறைவு. அறுத்த விளிம்புகளில்தான் நெடி அதிகம் வரும். நாங்கள் கண்ணுக்குத் தெரியாத பின்பக்க விளிம்புகளை அப்படியே விட்டிருந்தோம். அங்கும் பட்டை ஒட்டி மூடி, இரண்டு வாரம் கதவுகளைத் திறந்து போட்டு, மின்விசிறியை ஓடவிட்ட பிறகுதான் அரிசி, பருப்பை உள்ளே வைத்தோம். எரிச்சல் நின்றது. பெயின்ட் அடிப்பதானால் ஈயம் இல்லாததா என்று டப்பாவில் பாருங்கள். 90 பி.பி.எம்.முக்கு மேல் ஈயம் கூடாது என்று 2016-ல் விதி வந்திருக்கிறது. கதவை நக்குகிற வயதில் பேரக்குழந்தை இருந்தால் இது ரொம்ப முக்கியம்.

மேடை உயரத்தைக் கடைக்காரர் சொல்லும் அளவில் வைக்காதீர்கள். சமைக்கிறவர் நின்று கையை மடக்கட்டும். முழங்கைக்கு 4 முதல் 6 அங்குலம் கீழே இருக்க வேண்டும். ஐந்தடி உயரப் பெண்மணிக்குச் சுமார் 32, 34 அங்குலம் வரும். இதில் தவறு செய்துவிட்டு, முதுகுவலிக்கு என்னிடம் தைலம் கேட்டு வருகிறவர்கள் ஏராளம்!

கேஸ் சிலிண்டரை அலமாரிக்குள் அடைப்பதானால் கதவின் அடிப்பகுதியில் காற்றுத் துளைகள் விடச் சொல்லுங்கள். அந்த வாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடுதான் தேங்கும். எங்கள் ஆசாரி தேறி வந்ததும் முதலில் போட்டுக் கொடுத்தது அந்தத் துளைகளைத்தான். முகமூடியைத் தாடையில் தொங்க விட்டுக்கொண்டு வந்தவரை, மேலே ஏற்றிக் கட்டினால்தான் காப்பி என்று சொல்லிவிட்டாள் என் மனைவி.