சுவரில் இன்னும் தோட்டா ஓட்டைகள்... மும்பை லியோபோல்டு கஃபேக்கும் தூத்துக்குடி மீனவர்களுக்கும் என்ன தொடர்பு?

தூத்துக்குடி திரேஸ்புரத்திலிருந்தோ தருவைகுளத்திலிருந்தோ கடலுக்குப் போகும் மீனவரிடம், "அடையாள அட்டை இருக்கா?" என்று கேட்பது இன்று சாதாரண விஷயம். படகுக்குப் பதிவு எண், சோதனை, ஒத்திகை என எல்லாமே பழகிவிட்டது.

இந்தக் கெடுபிடிகள் ஏன் இவ்வளவு இறுகின என்பதைத் தெரிந்துகொள்ள, ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் ஒரு பழைய பீர் பாருக்குப் போக வேண்டும். மும்பை கொலாபாவில் உள்ள அதன் பெயர், லியோபோல்டு கஃபே.

எண்ணெய்க் கடை பீர் பார் ஆன கதை

ஈரானிலிருந்து வந்து குடியேறிய ஜொராஸ்ட்ரியர்கள் 1871-ல் தொடங்கிய கடை இது. ஆரம்பத்தில் இங்கே மொத்த விலையில் சமையல் எண்ணெய் விற்றார்கள். பிறகு உணவகம், பலசரக்கு, மருந்துக்கடை எனப் பல அவதாரங்கள் எடுத்தது. கடைசியில் வெளிநாட்டுப் பயணிகள் பீர் கோப்பையோடு மணிக்கணக்கில் அரட்டை அடிக்கும் இடமாக நிலைத்துவிட்டது.

அந்தக் காலத்தில் இதற்கு அவ்வளவு நல்ல பெயர் கிடையாது. ஆஸ்திரேலியாவில் ஆயுதக் கொள்ளை வழக்கில் தண்டனை பெற்ற கிரிகரி டேவிட் ராபர்ட்ஸ், 1980-ல் மெல்பர்ன் பென்ட்ரிட்ஜ் சிறையிலிருந்து தப்பி, பின்னர் பம்பாய் வந்து சேர்ந்தார். அவர் அடிக்கடி வந்து உட்கார்ந்த இடங்களில் ஒன்று லியோபோல்டு. 2003-ல் வெளியான அவருடைய 'ஷாந்தாராம்' நாவலில், கடத்தல்காரர்களும் போதைப்பொருள் ஆசாமிகளும் கூடிப் பேசும் இடமாக இந்தக் கஃபே வருகிறது. நாவல் உலகம் முழுக்க விற்றது. அதைப் படித்தவர்கள் மும்பை வந்தால் லியோபோல்டைத் தேடிப் போக ஆரம்பித்தார்கள்.

அந்தப் புதன்கிழமை இரவு

2008 நவம்பர் 26. கட்டாக்கில் இந்தியா - இங்கிலாந்து ஒருநாள் போட்டி நடந்துகொண்டிருந்தது. இரவு ஒன்பதரை மணி தாண்டிய நேரம். லியோபோல்டில் வழக்கம்போல் நல்ல கூட்டம்.

முதுகில் பையோடு வாசலில் வந்து நின்ற இரண்டு இளைஞர்கள் உள்ளே கையெறி குண்டை வீசினார்கள். அடுத்த நொடி துப்பாக்கிகள் வெடித்தன. எல்லாம் சில நிமிடங்கள்தான். குறைந்தது 10 பேர் இறந்தார்கள். அவர்களில் இருவர் அங்கே வேலை பார்த்த ஊழியர்கள்.

சுட்டவர்கள் அங்கிருந்து, நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கும் தாஜ் ஹோட்டலுக்கு ஓடினார்கள். தாஜில் சண்டை ஓய நவம்பர் 29 காலை ஆகிவிட்டது. அந்தத் தாக்குதல்களில் மும்பை முழுவதும் 166 பேர் பலியானார்கள்.

லியோபோல்டு நான்கே நாளில் மீண்டும் கதவைத் திறந்தது. சுவரிலும் கண்ணாடியிலும் இருந்த தோட்டா ஓட்டைகளைப் பூசி மறைக்கவில்லை, அப்படியே விட்டுவிட்டார்கள். இன்று போகிறவர்கள் முதலில் தேடுவது அந்த ஓட்டைகளைத்தான். அதன் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுக்கிறவர்களும் உண்டு. இறந்தவர்களை நினைவில் வைத்திருக்கும் அடையாளம் என்று சிலருக்குத் தோன்றும். சோகத்தையும் சுற்றுலா ஆக்கிவிட்டார்களே என்று சிலருக்கு உறுத்தும். இரண்டிலும் நியாயம் இருக்கிறது.

முதலில் இறந்தவர்கள் யார்?

ஆனால், அந்த ஓட்டைகள் சொல்லாத ஒரு கதையும் இருக்கிறது. இந்தத் தாக்குதலில் முதல் உயிர்கள் போனது லியோபோல்டில் இல்லை. கடலில்.

பாகிஸ்தானிலிருந்து கடல்வழியாக வந்த 10 பயங்கரவாதிகள், குஜராத்தின் போர்பந்தரைச் சேர்ந்த 'குபேர்' என்ற மீன்பிடிப் படகை நடுக்கடலில் மடக்கினார்கள். அதில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான்கு மீனவர்களைக் கொன்றுவிட்டு, படகை ஓட்டியவரை மட்டும் மும்பை பக்கம் வரை ஓட்டவைத்தார்கள். கரை நெருங்கியதும் அவரையும் கொன்றார்கள்.

பிறகு ரப்பர் படகில் கரை இறங்கிய இடமும் மீனவர் குடியிருப்புதான். கஃப் பரேட் பகுதியிலுள்ள மச்சிமார் நகர். பெரிய பைகளோடு இறங்கிய அந்நியர்களைப் பார்த்துச் சந்தேகப்பட்டு, "நீங்க யாரு?" என்று முதலில் கேட்டவர்களும் அங்கிருந்த மீனவர்களே. கொஞ்ச நேரத்தில் லியோபோல்டில் துப்பாக்கிச் சத்தம் கேட்டது.

தூத்துக்குடியில் என்ன மாறியது?

மீன்பிடிப் படகையே ஆயுதமாக்கிக்கொண்டு ஊருக்குள் புகுந்துவிட முடியும் என்று தெரிந்த பிறகு, நாட்டின் எல்லாக் கடற்கரைகளிலும் கண்காணிப்பு கூடியது. கடல் மீனவர்களுக்கு கைரேகை பதிந்த அடையாள அட்டை கொடுக்கும் திட்டம் 2009-ல் வந்தது. படகுகளின் பதிவு கட்டாயமானது. எந்த மாநிலப் படகு என்று தூரத்திலேயே தெரியும்படி மாநிலத்துக்கு ஒரு வண்ணம் என்ற முறையும் வந்தது.

'சாகர் கவாச்' என்ற பாதுகாப்பு ஒத்திகையைத் தூத்துக்குடிக்காரர்கள் நன்றாக அறிவார்கள். போலீஸாரில் ஒரு பிரிவினர் தீவிரவாதிகள் போல வேடமிட்டு, டம்மி வெடிகுண்டோடு கடல்வழியாக ஊடுருவப் பார்ப்பார்கள். மற்றவர்கள் மடக்கிப் பிடிக்க வேண்டும். வ.உ.சி. துறைமுகமும் அனல்மின் நிலையமும் கரையிலேயே இருக்கும் ஊர் என்பதால், இங்கே இது வெறும் சடங்கு அல்ல.

சோதனைக்காகப் படகை நிறுத்தும் ஒவ்வொரு முறையும் மீனவருக்கு நேரமும் டீசலும் செலவுதான். ஆனால், கடலில் புதிய படகு ஒன்று வந்தால், முதலில் கண்ணில் படுவதும் அவருக்குத்தான். சோதிக்கப்பட வேண்டியவராக மட்டும் அவரைப் பார்ப்பதா, காவலில் பங்காளியாகப் பார்ப்பதா என்பதில்தான் கடலோரப் பாதுகாப்பின் வெற்றி இருக்கிறது. சந்தேகத்துக்குரிய படகையோ ஆட்களையோ பார்த்தால் தமிழகக் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 என்ற இலவச எண்ணில் யார் வேண்டுமானாலும் தகவல் சொல்லலாம்.

மும்பை போகிறீர்களா?

தாராவியிலும் மாட்டுங்காவிலும் உறவினர்கள் இருக்கும் தென்மாவட்டக் குடும்பங்கள் ஏராளம். மும்பை போனால் கேட்வே ஆஃப் இந்தியாவைப் பார்க்காமல் திரும்புவதில்லை. அங்கிருந்து சில நிமிட நடையில் கொலாபா காஸ்வே சாலை. அதில்தான் லியோபோல்டு இருக்கிறது. மது அருந்துவோர் மட்டும் போகும் இடமில்லை, சாப்பாட்டுக்காக வருகிறவர்களும் நிறைய. மாலையில் கூட்டம் அதிகம், காலையில் போனால் நிதானமாகப் பார்க்கலாம்.

குழந்தைகள் கூட வந்தால், சுவரில் இருக்கும் ஓட்டையைக் காட்டி "இது என்ன?" என்று நிச்சயம் கேட்பார்கள். லியோபோல்டில் இறந்தவர்களைப் பற்றிச் சொல்லுங்கள். அப்படியே, மீன் பிடிக்கப் போய் வீடு திரும்பாத அந்த ஐந்து குபேர் படகுக்காரர்களைப் பற்றியும் சொல்லுங்கள். அவர்களை நினைவூட்ட அந்தச் சுவரில் ஓட்டை எதுவும் இல்லை.